இரண்டு மூலங்கள் ஒன்றாகும் இடம்: வகுப்பில் ஜியோஜீப்ரா

பல்லுறுப்புக் கோவை வரைபடத்தை இத்தனை வருடமும் கரும்பலகையில்தான் நடத்தினேன். −2 முதல் 2 வரை எண்களைப் போட்டு, அட்டவணை எழுதி, புள்ளி வைத்து இணைப்போம். எக்ஸ்³ − 3எக்ஸ் + 2 என்றால் 0, 4, 2, 0, 4 என்று வரும். எக்ஸ் 1 ஆகும் இடத்தில் பிள்ளைகள் பலர் ஸ்கேலை வைத்துக் கூராக மடக்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே வளைவு எப்படித் திரும்புகிறது என்று ஐந்து புள்ளிகளை வைத்து யாருக்குத் தெரியும்?

ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலியில் அந்தக் கடைசி 2-க்குப் பதிலாக 'கே' என்று அடித்தேன். கே-யின் மதிப்பை இழுத்து மாற்றும் ஸ்லைடர் தானாக வந்து நின்றது. இழுத்தால், வளைவு உருவம் மாறாமல் மேலும் கீழும் நகர்கிறது. கே பூஜ்யமாக இருக்கும்போது மூன்று இடத்தில் எக்ஸ் அச்சை வெட்டுகிறது; அந்த இடங்களில் உள்ள எக்ஸ் மதிப்புகள்தான் மூலங்கள். 1, 1.5, 1.9 என்று ஏற்ற ஏற்ற, வலப்பக்கத்து இரண்டு வெட்டுப்புள்ளிகளும் நெருங்கி வருகின்றன. 2-இல் இரண்டும் ஒன்றாகி, வளைவு அச்சைத் தொட்டுத் திரும்புகிறது. 2.1-இல் இரண்டையுமே காணோம்.

"சார், அந்த ரெண்டும் எங்க போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவை கலப்பெண்களாகிவிட்டன, அதனால்தான் வரைபடத்தில் தெரிவதில்லை. கலப்பெண் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லைடர் முதலில் 0.1, 0.1 ஆகத்தான் நகரும். அமைப்புகளில் போய் 0.01 ஆக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கே-யை 2.01-இல் வையுங்கள். வளைவு அச்சைத் தொடுவது போலவே தெரியும். ஆனால் மூலங்களைக் கேட்டால் −2 அருகே ஒன்றே ஒன்றுதான் வரும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிகிறது. எந்தத் திரையில் வரைந்தாலும் இந்த ஏமாற்றம் உண்டு. கண்ணுக்குத் தெரிந்ததைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அங்கேதான் உறைத்தது.

ஜியோஜீப்ரா கைபேசி, கணினி, உலாவி எதிலும் ஓடுகிறது. சொந்தப் படிப்புக்கு இலவசம். 2001-இல் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை இது. கணிதம் கற்பிப்பவர் எல்லாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கையால் அட்டவணை போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூராக மடக்கிய பிள்ளைக்குத்தான் திரையில் வந்த வளைவு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வகுப்புக்கு எக்ஸ்⁴ + கேஎக்ஸ்² வைத்திருக்கிறேன். கே மைனஸுக்குள் இறங்கியதும் ஒரு குழி இரண்டாகப் பிரியும். ஸ்லைடரைத் தொடும் முன், என்ன நடக்கும் என்று தாளில் வரைந்து வரச் சொல்லியிருக்கிறேன்.