வீட்டு வாசல் டெக்குக்கு எந்தப் பலகை: பாலாவா, செங்காலா, காம்போசிட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில், வெளியே டெக்குக்கு (பலகைத் தளத்துக்கு) போடும் பலகை மதிய வெயிலையும் சாயங்கால மழையையும் மாறி மாறித் தாங்க வேண்டும். ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் (குடியிருப்பு) என்றால், மண்ணுக்குள் மக்கும் வேர்களைத் தின்று வளர்ந்த கரையானும் சேர்ந்துகொள்ளும்.

"ரப்பர் கட்டைதான் இங்கே மலிவாச்சே?" என்று பலரும் கேட்கிறார்கள். மேசை நாற்காலிக்கு அது அருமையான மரம். வெளியே மட்டும் வேண்டாம்: பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றினாலும் மழை அதைக் கரைத்துவிடும்.

செங்காலும் பாலாவும் மலேசியாவின் கடின மரங்கள், வேறு ரகம். காய்ந்த ரப்பர் கட்டை கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ. செங்கால் 915 முதல் 980 கிலோ. ஆனால் எடையை விட முக்கியம், வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் இயற்கையாகவே ஊறியிருக்கும் சத்துகள். கரையானையும் பூஞ்சையையும் மருந்தே இல்லாமல் தடுப்பவை அவைதான். ஓரத்து வெளிர் பகுதிக்கு இந்தக் காப்பு கிடையாது. அதனால் கடையில் ஒவ்வொரு பலகையையும் திருப்பிப் பாருங்கள். வெளிர் விளிம்பு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். சிவப்பு பாலாவ் என்பது தனி ரகம், உழைப்பில் பாலாவுக்குக் கீழேதான். பில்லில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவும் நன்றாக உழைக்கும். ஆனால் முதல் சில மழைகளில் பழுப்புச் சாறு வடிந்து சிமெண்டுத் தரையைக் கறையாக்கும். வெள்ளை டைல்ஸ் பக்கத்தில் போடாதீர்கள்.

காம்போசிட், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. எண்ணெய் பூசும் வேலை இல்லை, சிலாம்பு குத்தாது. ஆனால் வெயிலில் சூடேறி வெறுங்காலைச் சுடும், நீளவாக்கில் விரியும். சாயம் மங்கினால் இழைத்துப் புதுசாக்கவும் முடியாது. மரம் சாம்பல் நிறமானாலும் உள்ளே கெடுவதில்லை; தேய்த்து எண்ணெய் பூசினால் பழைய நிறம் திரும்பும்.

என் தேர்வு பாலாவ்தான். செங்கால் இன்னும் உயர்ந்தது, ஆனால் மெதுவாக வளரும் மரம், விலையும் அதிகம். அதைப் பலகைக்கு அடியில், மண்ணுக்குப் பக்கத்தில் வரும் மரச்சட்டத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். எந்த மரத்தை வாங்கினாலும் எம்டிசிஎஸ் (மலேசிய மரச் சான்றளிப்புத் திட்டம்) சான்று கேளுங்கள். அப்புறம், முதலில் துளை போட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூவால் முடுக்குங்கள். சாதா ஆணி துருவேறி, மரத்தில் கறுப்புக் கறை விடும்.