இரண்டாவது கடைக்கு யார் பொறுப்பு: உறவுக்காரரா, பழைய ஊழியரா?

கொட்டாஞ்சேனையில் ஸ்டேஷனரிக் கடை நடத்துகிறேன். வெள்ளவத்தையில் கிளை ஒன்று போடுவது என்று முடிவானதும் வாடகை, அட்வான்ஸ், அலமாரி எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்று வந்தது. அங்கே யாரை உட்கார வைப்பது? என் முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மனைவியின் தம்பி. நல்ல பிள்ளை, படித்தவர், வேறு கடையில் வேலை செய்த பழக்கமும் உண்டு. மற்றவர் ஹட்டன் பக்கத்திலிருந்து பதின்ம வயது முடிந்த கையோடு எங்கள் கடைக்கு வந்து, பொதி தூக்குவதில் தொடங்கி கொள்முதல் வரை கற்றுக்கொண்ட தம்பி. நான் இரண்டாமவரைத் தேர்ந்தேன். கொழும்பில் கடை வைத்திருக்கும் பலர் இதே கேள்வியோடு நிற்பதைப் பார்க்கிறேன். அதனால் நான் எடைபோட்ட விதத்தை எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள். சொந்தக்காரர், அதாவது உறவுக்காரர் என்றால் வெளியாளைவிட நம்பிக்கை அதிகம், அவசரத்துக்கு இரவு பத்து மணிக்கும் கடையைத் திறப்பார், புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் குடும்பத்தின் பெயரைச் சொன்னாலே கடனுக்குச் சரக்கு கிடைக்கும். ஊழியருக்குச் சரக்கும் தெரியும், வாடிக்கையாளரும் தெரியும். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். மற்றப் பொடியன்களுக்கு, நாமும் ஒரு நாள் அந்த இடத்துக்கு வரலாம் என்ற நம்பிக்கை வரும். இதை இன்னும் நீட்டத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தட்டு கிட்டத்தட்டச் சமம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இவரிடம் நான் கணக்குக் கேட்க முடியுமா?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் பணம் பெரிய துளையால் போவதில்லை. கொப்பி, பேனை, ஃபைல், பசை, கலர் பென்சில் என்று ஆயிரம் சின்னச் சாமான்கள், ஒவ்வொன்றிலும் சில ரூபாய் லாபம். ஒரு பெட்டி பேனை காணாமல் போனால் உடனே தெரியாது, வருடக் கடைசியில் மொத்த இருப்பை எண்ணும்போதுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு அலமாரியை முன்கூட்டிச் சொல்லாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். போட்டோகொப்பி மெஷினின் மீட்டர் இலக்கத்தைக் காலையும் மாலையும் குறித்து, லாச்சியில் உள்ள காசோடு ஒப்பிட வேண்டும். டியூஷன் வகுப்புகளுக்கும் நேர்சரிகளுக்கும் கடனுக்குக் கொடுத்ததில் எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்று கேட்க வேண்டும். வித்தியாசம் இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

இந்த ‘ஏன்’ என்ற கேள்வி மைத்துனரிடம் போய்ச் சேரும்போது கணக்காக இருக்காது, சந்தேகமாக மாறிவிடும். அன்று மாலையே மாமியாரின் காதுக்குப் போகும், அடுத்த நாள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு வரும். அவர் மீது எந்தப் பிழையும் இல்லாமலேயே இது நடக்கும். அதைத் தெரிந்துகொண்ட முதலாளி என்ன செய்வார்? கேட்பதை நிறுத்திவிடுவார். ஆறு மாதம் கேட்காமல் விட்டால், அதன் பிறகு கேட்கும் உரிமையே இல்லை என்பது போல ஆகிவிடும். பல குடும்பக் கடைகளில் நான் கண்டது இதைத்தான். யாரும் திருடவில்லை, ஆனால் கடையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஊழியரிடம் இந்தச் சிக்கல் இல்லை. நானும் அவரும் ஆரம்பத்திலிருந்தே எண்ணித்தான் பழகினோம். அலமாரி எண்ணுவது அவருக்கு அவமானம் இல்லை, வேலையின் பகுதி. சில சமயம் அவரே எண்ணிவிட்டு, “முதலாளி, ரெண்டு டசின் ட்ரோயிங் புக் குறையுது, பில் போடாமல் போயிருக்குமோ பாருங்க” என்று எனக்குச் சொல்வார். அந்த ஒரு வசனத்தின் பெறுமதி எனக்குப் பெரியது.

சொந்தக்காரர் சம்பளமில்லாமல் வேலை செய்யும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. ‘நம்ம ஆள்தானே’ என்று சம்பளம் பேசாமல், தேவைப்பட்டபோது லாச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அங்கே அளவு போய்விடுகிறது. எவ்வளவு எடுத்தார் என்று தெரியாததால் கிளை லாபத்தில் ஓடுகிறதா நட்டத்திலா என்றும் தெரியாது. அவருக்கும் அது அநியாயம். பத்து வருடம் உழைத்த பிறகு அவர் பெயரில் ஒரு சதமும் சேமிப்பு இருக்காது.

ஊழியரைப் பொறுப்பாளராக்கினால் செலவு கூடும், அதையும் மறைக்கக் கூடாது. நியமனக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். 60,000 ரூபாய் சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், அதாவது 7,200 ரூபாய். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 1,800 ரூபாய். அவர் சம்பளத்திலிருந்து கழிப்பது 8 வீதம், 4,800 ரூபாய். ஆக, கையிலிருந்து மாதம் 69,000 போகும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரம் 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை நேரம், வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. ஊழியர் எண்ணிக்கை 15ஐத் தொட்டால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் வந்து நிற்கும்: ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். இரண்டு கடையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். இந்தச் செலவெல்லாம் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. எழுத்தில் இருப்பதால் இரண்டு பேருக்கும் எல்லை தெரிகிறது.

திறமை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வராததற்கு 2022தான் காரணம். அந்த வருடம் மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அப்போது வெளியாட்கள் வந்து கொப்பியை மொத்தமாகத் தூக்கப் பார்த்தார்கள். உடனே காசு கிடைக்கும், ஆனால் திரும்ப அந்த விலைக்குச் சரக்கு வராது. இந்த ஊழியர் என்னைக் கேட்காமலே ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று எல்லை வைத்து, வழமையாக வரும் பெற்றோருக்கு ஒதுக்கி வைத்தார். சரக்கின் பெறுமதி லாச்சியில் உள்ள காசைவிடப் பெரிது என்பதை அவர் எனக்கு முன்னால் புரிந்துகொண்டார். நெருக்கடியில் முடிவெடுக்கத் தெரிந்தவரை அதன் பிறகும் சாமான் எடுத்துக் கொடுப்பவராகவே வைத்திருப்பது நியாயமில்லை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, ஊக்கத் தொகை. விற்பனையில் இத்தனை வீதம் என்று பேசினால் அவர் தள்ளுபடி கொடுத்தும் கடன் கொடுத்தும் விற்பனையை ஏற்றுவார், அது மனித இயல்பு. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் சாமானுக்கு 5 ரூபாய் தள்ளுபடி சின்னதாகத் தெரியும், உண்மையில் மொத்த லாபத்தில் கால் பங்கு போகிறது. அதனால் எங்கள் ஏற்பாடு: நிலையான சம்பளம், அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வாடகையும் சம்பளமும் மின்சாரமும் கழித்த லாபத்தில் ஒரு பங்கு. வராத கடன் அந்தக் கணக்கில் லாபமாகச் சேராது. இதனால் கடன் கொடுப்பதில் அவருக்கே ஒரு நிதானம் வந்தது. டிசம்பர், ஜனவரி பாடசாலை சீசனில் கிளை நன்றாக ஓடும், மற்ற மாதங்களில் மந்தம், ஆகவே ஒரு சீசனை மட்டும் வைத்துப் பங்கைத் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டு, செக். மலிபன் தெருவில் எங்களுக்குச் சரக்குத் தருபவர்கள் பின் திகதி போட்ட செக்கை வாங்கிக்கொண்டுதான் தருகிறார்கள். ஒரு செக் திரும்பினால் தெரு முழுக்கத் தெரியும், பெயர் போய்விடும். கொள்முதல் பட்டியலை அவர் போடுவார், கையெழுத்து என்னுடையதாகவே இருக்கிறது. நம்பிக்கைக் குறைவால் இல்லை. இரண்டு கடையின் காசும் ஒரே வங்கிக் கணக்கில் போய்வருவதால், எந்தத் திகதியில் எவ்வளவு போகும் என்று பார்க்க ஒரே ஆள் வேண்டும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி: நாளைக்கு அவர் பக்கத்திலேயே தனிக்கடை போட்டால்? போடலாம். புறக்கோட்டையில் பல முதலாளிகள் ஒரு காலத்தில் இன்னொரு கடையில் நின்றவர்கள்தான். நான் அதைத் தடுக்க ஒப்பந்தம் எழுதப் போகவில்லை. போக நினைத்தால் முதலிலேயே சொல்லுங்கள், சரக்கு எடுக்க நானே கூட வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், அதை மனதாரச் சொன்னேன். மைத்துனர் பிரிந்து போனால் கடை மட்டும் பிரிவதில்லை, பண்டிகைக்கு யார் வீட்டுக்கு யார் போவது என்பதும் சேர்ந்து பிரிகிறது. அந்த நட்டத்தை ஈடுசெய்ய எந்தக் கணக்குப் புத்தகமும் இல்லை.

மைத்துனரிடம் இதை யார் சொல்வது என்பதும் முக்கியம். மனைவி மூலமாகவோ மாமியார் மூலமாகவோ போகக் கூடாது. வேறு யாருக்கும் தெரியும் முன் நானே நேரில் போய்க் காரணத்தைச் சொன்னேன். பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் விநியோகிக்கும் வேலையை அவர் தன் சொந்தப் பெயரில் பதிந்து செய்யலாம், எங்களிடமிருந்து மொத்த விலைக்கு எடுக்கலாம் என்றும் பேசினோம். வாங்குபவரும் விற்பவருமாக இருக்கும்போது பில்லைப் பார்ப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இப்போது அப்படித்தான் போகிறது, சுமுகமாகவே இருக்கிறது.

விளம்பரம் போட்டு வெளியிலிருந்து மனேஜரை எடுக்கும் மூன்றாவது வழியும் உண்டு. அதை நான் செய்து பார்க்கவில்லை, அதனால் அழுத்தமாகப் பேச முடியாது. பெரிய ஆடைக் கடைகளுக்கு அது சரிவரலாம். எங்களைப் போன்ற கடையில் சரக்கைப் பழகவே ஒரு சீசன் தேவை, அந்த ஒரு சீசனின் லாபமே வருடத்தைத் தாங்குகிறது என்பதால் எனக்குத் துணிவு வரவில்லை. அதேபோல, எனக்கு வளர்ந்த மகனோ மகளோ கடையில் நின்றிருந்தால் இதே முடிவை எடுத்திருப்பேனா என்பதும் தெரியாது. பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பது வேறு விஷயம்.

சொந்தக்காரரைத் தவிர வேறு ஆள் இல்லாத நிலையிலும் சிலர் இருப்பீர்கள். அப்படியானால் கடை திறக்கும் முன்பே அவருக்கு நியமனக் கடிதம் கொடுங்கள், சம்பளம் வங்கிக்குப் போகட்டும், வாராந்த எண்ணிக்கையை முதலாம் வாரத்திலேயே, அவரும் கூட நின்று எண்ணும்படி தொடங்குங்கள். அதே வாரத்தில் உங்கள் சொந்தக் கடையின் ஒரு அலமாரியையும் அவரை வைத்தே எண்ண வையுங்கள்.