ஹட்டன் பக்கத்து பி.ஓ.பி.எஃப் தேயிலை: ஸ்கொட்லாந்து தீவு வரை அனுப்பிப் பார்த்த அனுபவம்

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு எந்தத் தேயிலைத் தூள் அனுப்பலாம் என்று கேட்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனை அடுத்த டிக்கோயா பக்கம் பேக்டரி விற்பனை நிலையத்தில் கிடைக்கிற பி.ஓ.பி.எஃப் (சின்னத் துணுக்காக வருகிற தேயிலைத் தரம்) அனுப்புங்கள். வீட்டில் நாம் குடிக்கிற டஸ்ட் வண் என்கிற பொடித் தூள் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டுமென்றால் என் தங்கச்சி குடும்பத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

தங்கச்சியும் மச்சானும் முதலில் லண்டனில் இருந்தார்கள். முதியோரைப் பராமரிக்கிற வேலை ஒன்று கிடைத்து, இப்போது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற ஐலா தீவுக்குப் போய்விட்டார்கள். முழுத் தீவிலும் சுமார் மூவாயிரம் பேர்தான். கரையிலிருந்து கப்பலில் ஏறினால் இரண்டு மணித்தியாலம் அளவில் ஆகும், பலத்த காற்று அடித்தால் கப்பலே ஓடாது. அப்படியான நாளில் கடையில் பாணும் பாலும் தீர்ந்துவிடும். மார்கழியில் காலை எட்டரை தாண்டித்தான் விடியும், பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். லண்டனில் சொந்தக்காரர், கோயில், நம் ஆட்களின் கடை என்று எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்து பழகிய இரண்டு பேருக்கு அந்த முதல் குளிர்காலம் லேசாக இருக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு ஊரை ஞாபகப்படுத்தியது தேத்தண்ணிதான். அதனால்தான் எந்தத் தூள் என்பதை நான் இவ்வளவு தூரம் யோசித்தேன்.

லண்டனில் ஊற்றிய தேத்தண்ணியின் மேல் எப்போதும் ஒரு ஆடை படியும், கப்பின் ஓரமெல்லாம் பழுப்பாக ஒட்டும். அது தூளின் குற்றம் இல்லை. லண்டனுக்கு வருகிற தண்ணீர் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஓடி வருவதால் அதில் கல்சியம் கூட, அது சாயத்தோடு சேர்ந்துதான் அந்த ஆடை வருகிறது, மணத்தையும் அமுக்கிவிடுகிறது. ஐலாவில் நம் மலைத் தண்ணீர் மாதிரியே மென்மையான தண்ணீர். அங்கே நிலமெல்லாம் பீட் என்கிற கரிய சதுப்பு மண், ஓடைத் தண்ணீர்கூட அதன் வழியே பழுப்பாகத்தான் ஓடும், அந்தத் தீவின் விஸ்கிக்குப் பேர் வந்ததிலும் அந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. இங்கிருந்து போன தூளை அந்தத் தண்ணீரில் ஊற்றிய அன்றைக்கே தங்கச்சி எடுத்துப் பேசினாள், "அண்ணே, ஆடையே இல்லை, அம்மா ஊற்றின நிறம் அப்படியே வருது."

இன்னொரு விஷயம், இது பலர் யோசிக்காதது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஐலா மாதிரிக் கடலோரத்தில் 100 பாகை. கூடின சூட்டில், மென்மையான தண்ணீரில், டஸ்ட் வண் மாதிரியான பொடித் தூளைப் போட்டால் சாயம் ஒரே அடியாக இறங்கிவிடும், இரண்டு நிமிடம் விட்டாலே பிளேன் டீ கசக்கும். பி.ஓ.பி.எஃப் அதைவிடக் கொஞ்சம் பெரிய துணுக்கு. மூன்று நிமிடம் தாராளமாக விடலாம், நல்ல சிவப்பு, நாக்கில் ஒரு விறுவிறுப்பு, குடித்து முடித்த பிறகும் வாயில் மணம் நிற்கும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் வேறு எதுவும் வேண்டாம். ஆனால் பால்மா போட்டுக் கெட்டியாகக் குடிக்கிற ஆட்களுக்கு இது கொஞ்சம் லேசாகத் தெரியும், அவர்களுக்கு டஸ்ட்தான் சரி.

தீவில் வீதியில் எதிரே வருகிற வாகனக்காரர் ஒவ்வொருவரும் கை காட்டிவிட்டுத்தான் போவார்களாம், தெரிந்தவர் தெரியாதவர் என்று இல்லை. மச்சானுக்கு முதலில் கூச்சம், இப்போது அவர்தான் முதலில் கையைத் தூக்குகிறார். பக்கத்து வீட்டு வயசான அம்மா ஒருவர் தேத்தண்ணிக்கு வந்து, பால் இல்லாமல் குடித்துப் பார்த்து, இன்னொரு கப் கேட்டு வாங்கியிருக்கிறார். நம் தோட்டங்களுக்கு டன்கெல்ட், ஹோலிரூட், கிளென்டில்ட் என்று பேர் இருப்பதைச் சொன்னதும் அவருக்கு நம்பவே முடியவில்லை, டன்கெல்ட் அவர்கள் நாட்டு ஊர். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில், இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர் என்பது அங்கே சிலருக்காவது தெரிந்திருக்கிறது. காட்டை வெட்டியவர்களும், மலையேறிக் கொழுந்து எடுத்தவர்களும் இந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார் என்பது தெரியவில்லை. தங்கச்சி அதைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொல்கிறாள், அவள் சொல்வது எனக்குப் பெருமை.

சரி, குறைக்கு வருகிறேன். பேக் பண்ணுகிற விதம் மோசம். உள்ளே மெல்லிய பொலித்தீன், வெளியே கடதாசிப் பை, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்கிறார்கள். ஐலா ஈரப்பதமான ஊர், பையைத் திறந்து சில வாரத்தில் விறுவிறுப்பு போய்விடுகிறது. இவ்வளவு நல்ல தூளுக்கு ஒரு அலுமினியம் பை போடக்கூடாதா என்று கவுண்டரில் கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. அனுப்புகிறவர்கள் ஹட்டன் டவுனிலேயே தடித்த ஃபொயில் பை வாங்கி, காற்றை அமுக்கி வெளியேற்றி, சின்னச் சின்னப் பொதியாகக் கட்டுங்கள். தேயிலை மற்ற வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், கருவாடு, மிளகாய்த்தூள் இருக்கிற பெட்டியில் வைக்கவே வேண்டாம். அப்புறம், தபாலில் போடுவதே நல்லது, பிரித்தானியாவில் தனியார் கூரியர்கள் பல தீவுகளுக்கு மேலதிகமாகக் காசு கேட்பார்கள்.

வாங்கும்போது எந்த மாதத் தூள் என்று கட்டாயம் கேளுங்கள். ஹட்டனும் டிக்கோயாவும் அடங்கிய திம்புள்ளைப் பக்கத்துக்கு தை முதல் பங்குனி வரை, அந்தக் காய்ந்த குளிர் காலத்தில் வருகிற கொழுந்துதான் உச்சம். மலையின் கிழக்குப் பக்கமான ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர். ஜூன் மழையில் பறித்த கொழுந்தின் தூள் வீட்டுக்குப் போதும், அனுப்புவதற்கு எடுக்காதீர்கள்.