பிரியஸ் 30 தண்ணிப் பம்ப்: மாற்றிப் பார்ப்பதா, பார்த்து மாற்றுவதா?

டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் மூன்றாம் தலைமுறை, பிரியஸ் 30இல் எஞ்சின் சூட்டு விளக்கு எரிந்தால் கராஜ்களில் இரண்டு விதமாகத்தான் கையாளுகிறார்கள். "பம்ப் பழுது போல கிடக்கு, மாத்திப் பாப்பம்" என்று, கொழும்பில் பாவித்த உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்ப் ஒன்றை எடுத்துப் பூட்டிப் பார்ப்பது ஒரு வழி. ஸ்கேனரைக் கொழுவி, பம்ப் உண்மையில் எப்படிச் சுழல்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுவது மற்ற வழி. என் காருக்கு இரண்டாவதைத்தான் செய்வித்தேன். இன்றைக்கும் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

முதலில் எந்தப் பம்ப் என்று தெளிவாக வேண்டும். இந்தக் காரில் எஞ்சினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கு ஒன்று என இரண்டு மின்பம்புகள். இரண்டுக்கும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடும் பாதையும் தாங்கியும் வேறு வேறு. இன்வேர்ட்டர் பம்பைப் பார்ப்பது சுலபம். காரை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, போனட்டைத் திறந்து, இன்வேர்ட்டர் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தால் கூலன்ட் கலங்கி ஓட வேண்டும். குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தால் பம்போ அதற்கு வரும் மின்சாரமோ போய்விட்டது, அல்லது பாதையில் காற்று நிற்கிறது. ஸ்கேனரில் பி0ஏ93 (P0A93) என்ற கோளாறுக் கோட் விழுவதும் இந்தப் பக்கக் கோளாறுக்குத்தான். முந்தைய 20 மொடலில் இது இன்னும் எளிது. பம்புக்கு இரண்டே வயர். 12 வோல்ட் நேரே கொடுத்தால் சுழல வேண்டும். 2012 நவம்பரில் டொயோட்டாவே அந்தப் பம்புக்காகக் கார்களைத் திருப்பியழைத்தது. ஆகவே 20 மொடல்காரர் மாற்றிப் பார்த்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

30இன் எஞ்சின் பம்ப் வேறு கதை. பெல்ட் கிடையாது. எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்று கணினி சொல்கிறது, பம்ப் தன் வேகத்தைத் திருப்பிச் சொல்கிறது. மல்டிமீற்றரை வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். அது ஃபியூஸ், ரிலே, வயர் வரைக்கும் சரி. பம்ப் சொன்ன சொல் கேட்கிறதா என்பதை மீற்றர் காட்டாது. டேஷ்போர்டில் சூட்டு முள்ளும் இல்லை, விளக்கு மட்டும்தான். போனால் போகட்டும் என்று காதை வைத்துக் கேட்கலாமென்றால் ஹைபிரிட் எஞ்சின் நினைத்த நேரம் நின்றுவிடும். அதற்கு மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது: பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, பார்க்கில் (P) அக்சிலரேற்றரை முழுதாக இரண்டு தரம், நியூட்ரலில் (N) இரண்டு தரம், மறுபடி பார்க்கில் இரண்டு தரம், எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். அப்போது டொயோட்டாவின் ஸ்கேன் மென்பொருளான டெக்ஸ்ட்ரீமில் கூலன்ட் வெப்பநிலையையும் பம்பின் வேகத்தையும் ஒரே திரையில் பார்க்கலாம். மலிவான புளூடூத் ரீடர் வெப்பநிலையைக் காட்டும், பம்பின் வேகத்துக்கு அதை நம்ப முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று. பி261பி (P261B) கோட் விழுந்தால் பம்ப் சொன்னபடி சுழலவில்லை என்று பொருள். பம்ப் மேல் சந்தேகப்படுவது நியாயம். பி148எஃப் (P148F) அப்படியில்லை. அது பம்ப் அளவுக்கு மீறி வேகமாகச் சுழல்கிறது என்கிறது. தள்ளுவதற்குக் கூலன்ட் இல்லாமல் காற்றுக்குள் சுழலும் பம்புக்குப் பாரம் இல்லை, அதனால் வேகம் ஏறும். பம்ப் நல்லாயிருக்கும்போதே இந்தக் கோட் வரலாம். கோட்டில் "பம்ப்" என்று இருப்பதைப் பார்த்தவுடன் ஸ்பானரை எடுத்தால் முடிந்தது.

மாற்றிப் பார்க்கும் வழி ஏமாற்றுவதும் இங்கேதான். பம்பைக் கழற்றினால் கூலன்டை வடிக்க வேண்டும், பூட்டியபின் புதிதாக நிரப்பிக் காற்றை எடுக்க வேண்டும். காற்றுதான் குற்றவாளி என்றாலும் கார் அன்றோடு சரியாகிவிடும். பெயர் புதுப் பம்புக்குப் போகும். சில வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தால், "பாவித்த பம்ப்தானே, அதுவும் போயிட்டுது" என்று இன்னொன்று பூட்டுவார்கள். அதனால் முதலில் எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து, நிரப்பி, மெயின்டனன்ஸ் மோடில் ஹீற்றரை உச்சத்தில் வைத்துக் காற்றை எடுங்கள். எஞ்சின் சூடாகியும் ஹீற்றரில் குளிர்காற்றே வந்தால் கூலன்ட் இன்னும் சுற்றவில்லை. எங்கள் பக்கம் ஹீற்றரை யாரும் தொடுவதில்லை என்பதால் இந்த அறிகுறி கண்ணில் படுவதே இல்லை. நுவரெலியாக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

எடுத்த காற்று திரும்பி வந்தால் பம்பை மறந்துவிடுங்கள். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தாங்கியில் மட்டம் இறங்குவது, காலையில் ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் உதறுவது, இதெல்லாம் எஞ்சின் பிளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைத்திருக்கும் ஹெட் கஸ்கெட் போனதன் அடையாளம். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் பாதையில் கரி பிடிப்பதும் கஸ்கெட் போவதும் இந்த எஞ்சினின் தெரிந்த பலவீனம். ஹைபிரிட் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) எல்லாருக்கும் இது பழக்கம். தாங்கி வாயில் வைத்துப் பார்க்கும் நீல மருந்து மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது. அதற்கு எத்தனை பம்ப் பூட்டினாலும் பயனில்லை.

மாற்றிப் பார்க்கும் வழிக்கும் இடமுண்டு. தூரப் பயணத்தில் நடுவழியில் நின்று, டெக்ஸ்ட்ரீம் உள்ள கராஜ் பக்கத்தில் இல்லை, கையில் நல்ல பம்ப் இருக்கிறது என்றால் பூட்டிக்கொண்டு வீடு வந்து சேருங்கள். டொயோட்டாவின் சிறிய ஹைபிரிட்டான அக்வாவிலும் எஞ்சின் பம்ப் மின்சாரம்தான். ஆனால் அதில் நான் கை வைத்ததில்லை, இங்கே சொன்னதை அப்படியே அதற்குப் பொருத்த வேண்டாம்.

ஸ்கேனில் பம்ப்தான் என்று உறுதியானால் புதியதாகவே வாங்குங்கள். பாவித்த பம்ப் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கடைக்காரருக்கே தெரியாது. நிரப்புவது டொயோட்டாவின் பிங்க் கூலன்டாக இருக்கட்டும், பச்சையோடு கலக்க விடாதீர்கள்.