காவடி பேனருக்குக் கவிவாணரா, பாலூ தம்பியா?

தைப்பூசக் காவடி நெருங்கினால் மொரீஷியஸ் கோவில் சங்கங்களில் பேனர் வேலை தொடங்கிவிடும். கூடவே கவிவாணர், பாலூ தம்பி ஆகிய தமிழ் எழுத்துருக்களில் எது என்ற வாக்குவாதமும்.

காசு: இரண்டுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அச்சிடவும் தடையில்லை.

தோற்றம்: கவிவாணர், தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, சாய்ந்த கையெழுத்து. யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். பாலூ தம்பி கொழுகொழுவென்று உருண்டது, கொஞ்சம் குறும்பு.

தடிமன்: இங்கேதான் விஷயமே. கவிவாணருக்கு ஒரே தடிமன். போதவில்லை என்று போல்டு பட்டனை அமுக்கினால் ‘ணை’யின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பாலூ தம்பியின் புதிய பதிப்பான பாலூ தம்பி 2-இல் ஐந்து தடிமன்கள் உண்டு. தலைப்பு ஒன்றில், பூசை நேரம் இன்னொன்றில், கீழே பிரெஞ்சு வரி மற்றொன்றில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தூரம்: ரோஸ் ஹில்லில் ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ‘முருகன்’, ‘முருகன’ ஆகிவிடுவார்! மெல்லிய எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

அதனால் தெருவில் கட்டும் பேனருக்குப் பாலூ தம்பி. கையில் கொடுக்கும் அழைப்பிதழ், அன்னதான அட்டை, பிள்ளைகளின் பரிசுச் சான்றிதழ் என்றால் கவிவாணரை எடுங்கள். இரண்டு மூன்று வரிக்கு மேல் மட்டும் வேண்டாம்.