நீச்சத்தண்ணியா, இளநீரா, ஓஆர்எஸ் பொட்டலமா? கடற்கரை வெயிலுக்கு எது சரி?

மதுரையில் 40 டிகிரி கொளுத்துகிற நாளில் பாம்பனிலும் மண்டபத்திலும் அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கடலோரத்துக்காரர்களுக்கு உடம்பில் நீர் வற்றாது என்று ஒரு நினைப்பு. அது தப்பு. இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம். காற்றோட்டமில்லாத வீட்டுக்குள்ளும் கருவாட்டுக் கொட்டகையிலும் வியர்வை காயவே காயாது. அது காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? குளிராததால் மேலும் மேலும் வியர்க்கும். திறந்த கரையில் கதை வேறு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வியர்வையை வந்த வேகத்தில் துடைத்துவிடுவதால், வியர்த்ததே தெரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை வேலையும் படகு வேலையும் நடக்கும். வலை பின்னுகிறவரின் சட்டை முதுகை மதியம் ஒருமுறை பாருங்கள். அவர் கடலுக்கே போகவில்லை. ஆனாலும் தோள்பட்டைக்குக் கீழே வளைவு வளைவாக வெள்ளைக் கோடு படிந்திருக்கும். அத்தனையும் அவர் உடம்பிலிருந்து போன உப்பு. தண்ணீரோடு உப்பும் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான், எதைக் குடிப்பது என்ற கேள்விக்கே அர்த்தம் வரும்.

வேலை நேரத்துக்கு: வெறும் தண்ணீர், நீச்சத்தண்ணி, மோர், பதநீர்

வெயிலில் கடுமையாக உழைக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். தண்ணீர் அதை ஈடுகட்டும், உப்பை ஈடுகட்டாது. ஆனால் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு மீன்குழம்பும் கருவாடும் ஊறுகாயும் அந்த உப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும். அவருக்குத் தண்ணீரே போதும். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் குடித்தால் சரியாக இருக்கும். இரண்டு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு செம்பை மடக்மடக்கென்று கவிழ்ப்பதில் பயனில்லை. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலே போகவும் கூடாது. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து, பச்சைத் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பிலுள்ள சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் சதைப் பிடிப்பு எல்லாம் அதனாலும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பதுதான் ஆபத்து.

இந்த இடத்தில் என் ஓட்டு நீச்சத்தண்ணிக்குத்தான். இரவு சோற்றில் ஊற்றிய தண்ணீர் விடிவதற்குள் லேசாகப் புளித்திருக்கும். உப்புப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டுத் தூக்குவாளியில் எடுத்துப்போனால் நீர், உப்பு, கொஞ்சம் மாவுச்சத்து மூன்றும் ஒரே வாயில் உள்ளே போகும். நாட்டுப்படகில் விடியலுக்கு முன்னே போகிறவருக்கு இதைவிடச் செலவு குறைந்த, வயிறு தாங்குகிற ஒன்று கிடையாது. நேரம் மட்டும்தான் கணக்கு: உச்சி வெயில் ஏறுமுன் குடித்து முடித்துவிட வேண்டும், வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

மோரும் நல்லதுதான், கரையில் இருப்பவர்களுக்கு. படகில் சீக்கிரம் கெட்டுவிடும்.

பதநீரின் ருசியைப் பற்றிச் சாயல்குடிப் பக்கத்துக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கிற சுகமே தனி. ஆனால் அதில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. களைப்புக்கு உடனே தெம்பு தரும். நாள் முழுக்கத் தாகத்துக்குக் குடிக்கிற பானம் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகவே ஆகாது. கடையில் விற்கும் கலர், சோடா வகைகளிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரை உண்டு, பதநீரில் இருக்கிற தாதுச்சத்துகூடக் கிடையாது. டீ குடித்தால் உடம்பில் இருக்கிற தண்ணீர் போய்விடும் என்பார்கள். அளவாகக் குடித்தால் அப்படி ஒன்றும் இல்லை, அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். சாராயமும் கள்ளும் அப்படியல்ல. சிறுநீரை வழக்கத்தைவிட அதிகமாக இறக்கிவிடும்.

குடிக்காமலே இருப்பவர்கள்

எந்தப் பானம் சிறந்தது என்ற பேச்சே எட்டாத ஒரு கூட்டம் இந்தக் கரையில் இருக்கிறது. கடற்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற பெண்கள், ஏலக்கூடத்தில் மீன் தரம் பிரிக்கிற பெண்கள். "ஒரு மடக்கு குடி மதினி" என்று நீட்டினால், "வேணாம் ஆத்தா, அப்புறம் ஒதுங்க எடம் தேடணும்" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார்கள். இது சோம்பலோ அறியாமையோ இல்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிப்பதே ஒரு பெண்ணுக்குத் தண்டனையாகிவிடுகிறது. கழுத்தளவு கடலில் நின்றால் சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே போவது கூடுகிறது, உள்ளே வருவது நின்றுவிடுகிறது. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் பின்னாலேயே வரும். மீன் இறங்குதளத்தில் தண்ணீர் வசதி உள்ள ஒரு பெண்கள் கழிப்பறை கட்டினால், எந்த விழிப்புணர்வுக் கூட்டத்தையும்விட அது அதிகம் செய்யும்.

எந்த அறிகுறியை நம்புவது?

தாகத்தை நம்பலாமா? இளவட்டங்களுக்கு ஓரளவு சரி, வயதானவர்களுக்கு இல்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். "எனக்குத் தாகமே எடுக்கல" என்று அப்பச்சி சொன்னால், நேரம் பார்த்து நாமேதான் தம்ளரை நீட்ட வேண்டும்.

தோலைக் கிள்ளிப் பார்ப்பது குழந்தைகளுக்கு உதவும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி ஆக வேண்டும். மெதுவாகப் போனால் நீர் குறைந்திருக்கிறது. முதியவர்களின் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதால் அங்கே இது ஏமாற்றும்.

சிறுநீரின் நிறம்தான் வீட்டில் பார்க்கக்கூடியவற்றில் நம்பகமானது. வெளிர் மஞ்சள் என்றால் கவலையில்லை. நல்லெண்ணெய் நிறத்துக்கு அடர்ந்து, அளவும் குறைந்து, போகும்போது எரிச்சலும் இருந்தால் உடம்பு ஏற்கெனவே பின்தங்கிவிட்டது. சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நிறம் பொய் சொல்லும். நாக்கு ஒட்டுவது, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, பல மணி நேரம் துணி நனையாவிட்டாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால்: இளநீரா, ஓஆர்எஸ்ஸா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஓஆர்எஸ், அதாவது உப்பும் குளுக்கோஸும் அளந்து கலந்த, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற தூள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். வயிற்றுப்போக்கில் பெருமளவு போவதோ சோடியம். வெயில் களைப்புக்கு இளநீர் அருமை, பேதிக்கு அது பாதி மருந்துதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து.

ஓஆர்எஸ்ஸின் சூட்சுமம் எளிது. சிறுகுடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உறிஞ்சும், அந்த இரண்டின் பின்னால் தண்ணீர் போகும். அதனால்தான் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து, வீட்டாரையே விட்டு நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். இறப்பு பல மடங்கு குறைந்தது.

நம் கடற்கரையில் ஒரு சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கரிக்கிற கிணற்றுத் தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்தால் உப்பின் அளவு கூடிவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீரோ நல்ல குடிநீரோ கொதிக்க வைத்து ஆற்றிக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான், 200 மில்லி பொட்டலத்தை 200 மில்லியில்தான். பிள்ளைக்குக் கொஞ்சம்தானே என்று பெரிய பொட்டலத்தில் பாதியைத் தம்ளரில் தட்டுகிற பழக்கம் மிகத் தப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பொட்டலம் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

அட்டைப்பெட்டியில் பழச்சாறு மாதிரி விற்கிற பானங்களில் பல அளவுக்கு மீறி இனிப்பானவை. குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானம் ஓஆர்எஸ் என்ற பெயரை எந்த வடிவிலும் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கடைக்காரர் எதை நீட்டினாலும் பின்பக்கம் திருப்பி அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போனபிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி மெதுவாகத் தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது, மயங்கி விழுவது இவற்றில் எது வந்தாலும் எந்தப் பானம் என்று யோசிக்காதீர்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நிழலுக்குத் தூக்கி, துணியை நனைத்துப் போட்டு விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.