மதுரையைச் சாப்பிட்டுப் பார்க்க: வழிகாட்டியோடு நடப்பதா, நாமே தேடிப் போவதா?

மதுரைக்கு ஒரு மாலைப் பொழுதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்து, அதற்குள் அந்த ஊரின் சாப்பாட்டை ஓரளவேனும் தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்று நினைப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு ஓட்டுநர் காட்டும் கடைகளுக்குப் போகலாம். கடைப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு தாமாகவே நடக்கலாம். அல்லது பணம் கட்டி, உணவுக்கென்றே நடத்தப்படும் நடைப் பயணத்தில் சேரலாம். கோயம்புத்தூர்க்காரனான நான் இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். என் சாய்வு வழிகாட்டியோடு நடக்கும் பயணத்தின் பக்கமே என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் தெரிந்தவனுக்கு, அதுவும் நான்கைந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பவனுக்கு, மதுரையில் சாப்பிட வழிகாட்டி எதற்கு என்று என் வீட்டிலேயே கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு என்னிடம் இருந்த பதில், வழக்கமாகச் சொல்லப்படும் பதில் அல்ல.

காரை முதலில் முடித்துவிடலாம். கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளில் மாலை நேரத்தில் காரை நிறுத்த இடம் தேடுவதே ஒரு தனி வேலை. நாங்கள் அமர்த்திய ஓட்டுநர் அந்தத் தொல்லைக்கு அஞ்சியோ வேறு கணக்கிலோ எங்களைப் புறவழிச் சாலையோரத்தில் இருந்த பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். சாப்பாட்டில் குறையில்லை, ஆனால் அதே சாப்பாடு திருச்சியிலும் கிடைக்கும், சேலத்திலும் கிடைக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு வருபவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் மட்டும் சென்றிருந்தோம். கைப்பேசியில் பல காணொளிகளைப் பார்த்து ஒன்பது கடைகள் கொண்ட பட்டியலைத் தயாரித்து, தெரு வாரியாகப் பிரித்து, ஒரு வரைபடமும் போட்டு வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் தணியவில்லை. எதிரே ஜிகர்தண்டா கடை. ஆளுக்கொரு பெரிய டம்ளர் வாங்கிக் குடித்தோம். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், அதன் தலையில் ஐஸ்கிரீம் என்று அடுக்கப்பட்ட அந்தப் பானம் தாகத்தை மட்டுமல்லாமல் பசியையும் சேர்த்து அணைத்துவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து ஆளுக்கு நான்கு இட்லியும், அவற்றோடு வந்த சட்னி வகைகளும். எட்டு மணிக்குக் காத்திருந்து இடம் பிடித்து, ஆளுக்கொரு கறிதோசை. தடித்த மாவும் அதன்மேல் முட்டையும் அதற்கும் மேல் ஆட்டுக்கறி மசாலாவும் பரப்பிச் சுட்ட அந்தத் தோசையில் பாதியைத் தாண்டியபோதே என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதரை மணிக்கு விடுதிக்குத் திரும்பும் வழியில், ரயில் நிலையத்தருகே சூடாக அல்வா வெட்டித் தரும் கடையின் முன்னால், அந்த நெய் மணத்தைத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனோம். ஒன்பது கடைகளில் மூன்றோடு பயணம் முடிந்தது. பட்டியலும் வரைபடமும் சரியாகவே இருந்தன; வயிற்றில்தான் இடமில்லாமல் போயிற்று.

இந்த ஆண்டு, கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு, நடைப் பயணத்தில் சேர்ந்தோம். எங்கள் மூவருடன் பெங்களூருவிலிருந்து வந்த ஒரு தம்பதியும், தாத்தா காலத்திலேயே மலேசியாவுக்குப் போய்விட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஈப்போகாரர் ஒருவரும் இருந்தார்கள். அழைத்துச் சென்ற இளைஞர் கீழவாசல் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மூன்றரை மணி நேரத்தில் ஒன்பது பண்டங்கள்: மேலச் சித்திரை வீதியில் வெள்ளையப்பம், பிறகு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், மகால் பக்கத்துத் தெருவில் முள்முருங்கைக் கீரை வடை, தள்ளுவண்டியில் பருத்திப்பால், இட்லி, கறிதோசை, பரோட்டாவும் குடல் குழம்பும், கோலா உருண்டை, கடைசியில் ஜிகர்தண்டா. ஒன்பதையும் ஆறு பேரும் சாப்பிட்டோம். முடிவில் யாரும் பெருமூச்சு விடவில்லை.

இது எப்படி முடிந்தது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வழிகாட்டியிடம் நாம் விலை கொடுத்து வாங்குவது தகவல் என்று பலரும் எண்ணுகிறார்கள். கறிதோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடை பெயர் போனது என்பதும், ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூணுக்குப் போக வேண்டும் என்பதும் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவரிடம் நாம் வாங்குவது, குறைவாகக் கேட்கும் உரிமை. ஆறு பேர் ஒரு கடைக்குள் நுழைந்து ஒரே ஒரு கறிதோசையைச் சொல்லி, அதை ஆறாக வெட்டித் தரச் சொல்வது, எட்டு மணிக் கூட்டத்தில் இலைக்கு ஆள் காத்து நிற்கும் கடையில் எளிய காரியமல்ல. என் மைத்துனர் குடும்பத்தினர் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பரிமாறுபவர் கோபிக்கவில்லை; "ஆறு பேருக்கு ஒரு தோசையாண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அந்தச் சிரிப்புக்குக் கூச்சப்பட்டு நான்கு தோசை சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய பயணமும் அத்தோடு முடிந்தது. விருந்தாளி கொஞ்சமாகச் சாப்பிட்டால் பரிமாறுகிறவருக்கு மனம் ஆறாத ஊர் அது. அங்கே குறைவாகக் கேட்பதற்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தாக வேண்டும்.

எங்களை அழைத்துச் சென்ற இளைஞருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அவர் வாரத்தில் பல நாள் அதே நேரத்தில் அதே கடைகளுக்கு ஆட்களை அழைத்து வருகிறார். கடைக்காரருக்கு அவருடைய தேவை முன்கூட்டியே தெரியும். நாங்கள் உள்ளே நுழையும்போதே தோசைக்கல்லில் ஒன்று வெந்துகொண்டிருந்தது. வெட்டிய துண்டுகளை வைக்க அவரே பையில் வாழையிலை நறுக்குகளையும் சின்னக் காகிதக் குவளைகளையும் கொண்டு வந்திருந்தார். பாதி இடங்களில் நாங்கள் உட்காரவே இல்லை. ஓரமாக நின்று சாப்பிட்டு நகர்ந்ததால் கடையின் வியாபாரத்துக்கும் இடையூறில்லை. பருத்திப்பால் வண்டியில் ஆளுக்கு அரைக் குவளைதான். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சும் அந்தப் பாலை ஒரு முழு டம்ளர் குடித்தவர், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எதையும் நினைத்துப் பார்க்க மாட்டார்.

அளவோடு வரிசையும் சேர்ந்துகொள்கிறது. நான் சென்ற ஆண்டு தொடங்கிய ஜிகர்தண்டாவில் அவர் முடித்தார். இலேசானவை முன்னால், எண்ணெய்ப் பண்டம் இடையில், கறி வகைகள் ஏழு மணிக்குப் பிறகு, இனிப்பும் குளிர்ச்சியும் கடைசியில். கறிதோசைக்கும் பரோட்டாவுக்கும் இடையில் வேண்டுமென்றே சுற்று வழியில் நடத்திக் கூட்டிப் போனார் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். "நேர் வழியில போனா அஞ்சு நிமிஷந்தாண்ணே, ஆனா வயிறு கேக்காது" என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்தச் சுற்று வழியில்தான் பத்துத்தூணையும், நாயக்கர் மகாலின் வெளிச்சுவரையும் பார்த்தோம்.

வரலாற்றைப் பொறுத்தவரை, நல்ல வழிகாட்டி கிடைத்தால் ஆதாயம், கிடைக்காவிட்டால் நட்டம் பெரிதில்லை என்றே சொல்வேன். விளக்குத்தூணை நான் பலமுறை கடந்திருக்கிறேன். ஏதோ பழைய கம்பம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். 1840களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார் என்பதும், அந்தச் சுவர் நின்ற இடத்தை ஒட்டியவையே இன்றைய வெளி வீதிகள் என்பதும், அவர் நினைவாக நிறுத்தப்பட்டதே அந்தத் தூண் என்பதும், கையில் ஜிகர்தண்டாவோடு அதன் அடியில் நின்று கேட்டபோதுதான் மனதில் பதிந்தன. நாங்கள் தங்கியிருந்த விடுதி இருந்த பெருமாள் மேஸ்திரி வீதியின் பெயருக்கும், கீழவாசல் பக்கத்து மாரட் வீதியின் பெயருக்கும் அந்த இடிப்பு வேலையோடு தொடர்பு உண்டு என்றார் இளைஞர். ஈப்போகாரர் அவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார். என் மகள் பிசினைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள்.

இனி பணம். எங்களிடம் தலைக்கு 1,600 ரூபாய் வாங்கினார்கள், மூவருக்கு 4,800. சென்ற ஆண்டு நாங்கள் இருவர் மூச்சு முட்டச் சாப்பிட்டதற்கு எழுநூறு ரூபாய்கூட ஆகவில்லை. பண்டங்களின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்தால் இந்தப் பயணம் கட்டுப்படியாகாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று இதைக் கேட்டுத் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மதுரையில் உறவினரோ நண்பரோ இருந்து, அவருக்கு இரண்டு மூன்று கடைக்காரர்கள் பழக்கமும் இருந்தால், இந்த 4,800 ரூபாயைத் தாராளமாக மிச்சப்படுத்தலாம். குறைவாகக் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. அப்படி யாரும் இல்லாத என் போன்றவர்களுக்கு, மூன்று பண்டங்களுக்கும் ஒன்பது பண்டங்களுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தத் தொகை.

தாமாக நடப்பதற்கு வழிகாட்டிப் பயணத்தால் ஈடு செய்ய முடியாத சிறப்புகளும் உண்டு. பிடித்த இடத்தில் நிற்க முடியும். முள்முருங்கை வடை எனக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. ஐந்து பேர் தெருமுனைக்குப் போய்விட்டதால் ஓட வேண்டியதாயிற்று. அயிரை மீன் குழம்பு போன்றவற்றை ஒரு கரண்டி ருசி பார்ப்பதில் பொருளே இல்லை. சோற்றில் ஊற்றிப் பிசைந்து, இரண்டாம் முறையும் சோறு கேட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டியது அது. அதற்கு மதிய நேரத்து மெஸ்தான் சரி. வைகைக்கு வடக்கே அழகர் கோயில் சாலையில் இருக்கும் அம்மா மெஸ் போன்ற இடங்கள் நடைப் பயணத்தின் எல்லைக்குள் வருவதும் இல்லை. மறுநாள் மதியம் நாங்கள் வழிகாட்டியில்லாமல் ஒரு மெஸ்ஸுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அது தனி இன்பம். அதேபோல், நள்ளிரவுக்கு மேல் திறந்திருக்கும் இட்லி, பரோட்டாக் கடைகளுக்கு எட்டரை மணிக்கு முடியும் எந்தப் பயணமும் அழைத்துச் செல்லாது. அல்லங்காடி என்று இரவுச் சந்தைக்குச் சங்க காலத்திலேயே பெயர் இருந்த ஊரில் இது ஒரு குறைதான்.

சைவம் மட்டும் உண்பவர்களைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியாது. பெங்களூருத் தம்பதியில் மனைவி அசைவம் தொடாதவர். கறி வகைகள் வந்தபோது அவருக்கு வேறு ஏதோ வரவழைத்துக் கொடுத்தார்கள், ஆனாலும் அவர் பெரும்பாலும் காத்துக்கொண்டே நின்றார். முழுக்கச் சைவப் பயணம் கேட்டால் ஏற்பாடு செய்வோம் என்றார்கள்; நான் அதில் போனதில்லை. நான் போன பயணமும் ஒன்றே ஒன்றுதான், மழையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆறு பேரைச் சிதறாமல் அழைத்துச் செல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். நடைபாதை இல்லாத வீதிகளில் இருசக்கர வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டியிருப்பதால், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் யோசித்துச் சேர்வது நல்லது. குழுவில் பத்துப் பேருக்கு மேல் என்றால் நானே சேர மாட்டேன்: ஒரு தோசையைப் பத்தாக வெட்டினால் ருசிக்க மிஞ்சுவது ஓரம் மட்டுமே.

எட்டரை மணிக்கு இளைஞர் விடைபெற்றுக்கொண்டார். நாங்கள் மூவரும் கடை வீதிகள் வழியாக மேற்கே நடந்து ரயில் நிலையப் பக்கம் வந்தபோது, சென்ற ஆண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த அதே அல்வாக் கடை திறந்திருந்தது. என் மனைவி நின்றாள். ஐம்பது கிராம் போதும் என்று தயங்கிக் கேட்டேன். இலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுத்தார்கள். மூவரும் வாசலில் நின்று சாப்பிட்டோம். பிறகு இன்னொரு ஐம்பது கிராம் வாங்கினோம்.